கச்சான் காலத்தில் ஒரு புரொசசர்: வேகத்தை ஏற்றுவதா, வாட்டை இறக்குவதா?

வைகாசி பிறந்து கச்சான் என்ற தென்மேல் காற்று வீசத் தொடங்கிவிட்டால், திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு மாடி அறையில் பிற்பகல் இரண்டு மணிக்கு வெப்பமானி 34ஐத் தாண்டி நிற்கும். ஜன்னலைத் திறந்தால் சுடுகாற்றோடு தூசியும் வரும்; மூடினால் புழுக்கம். என் கணினி இருப்பது அந்த அறையில்தான். ஏசி போட்ட அறையில் இருப்பவர் புரொசசர் தெரிவு செய்யும் கணக்கு வேறு, திருகோணமலையில் ஓட்டு வீட்டிலும் சிலாப் வீட்டிலும் இருப்பவர் போட வேண்டிய கணக்கு வேறு. இரண்டாவது கணக்கை யாரும் தமிழில் விரிவாக எழுதி நான் பார்க்கவில்லை, அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் அக்காவின் மகன் ஒரு தாளோடு வந்தான். கோணேசபுரி வளாகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறான், கணினித் துறை. தாளில் சாமான் பட்டியல்: ஐ9-14900கே, இசட்790 மதர்போர்ட், மூன்று ஃபேன் வைத்த தண்ணீர்க் கூலர், 1000 வாட் பவர் சப்ளை. “மாமா, கே எழுத்துப் போட்டதை வாங்கிப்போட்டு ஓவர்கிளாக் செய்யாமல் விட்டால் காசு வீண்தானே?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. இன்டெல் சிப்பில் கே என்றால் ஓவர்கிளாக்குக்குப் பூட்டுத் திறந்தது என்று அர்த்தம். அதே வாரம் திருக்கடலூர்ப் பக்கம் கல்யாண வீடியோ எடுக்கும் அண்ணன் ஒருவரும் கூப்பிட்டார். “தம்பி, எனக்கு இன்னொரு மெஷின் வேணும். ஆனா இந்த முறை கரண்ட் பில் ஏறக் கூடாது.” இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பதில் தேட வேண்டியிருந்தது.

முதலில் மருமகனின் கேள்வி. ஓவர்கிளாக், அதாவது தொழிற்சாலை குறித்த வேகத்துக்கு மேல் சிப்பை ஓட்டுவது, ஒரு காலத்தில் உண்மையிலேயே காசு மிச்சம் பிடிக்கும் வழியாக இருந்தது. 1998இல் வந்த செலரோன் 300ஏ 300 மெகாஹெர்ட்ஸில் ஓடும் மலிவு விலைச் சிப். மதர்போர்ட் அதோடு பேசும் பஸ் வேகத்தை 66இலிருந்து 100க்கு மாற்றினால் பல சிப்கள் 450இல் சிரமமில்லாமல் ஓடின. ஒரு சதமும் கூடக் கொடுக்காமல் பாதி மடங்கு கூடுதல் வேகம். 2011இல் வந்த ஐ5-2500கேயும் அப்படித்தான். பெட்டியில் 3.3 கிகாஹெர்ட்ஸ் என்று இருக்கும். நல்ல ஃபேன் ஒன்றைப் போட்டு 4.5 வரை கொண்டுபோனவர்கள் ஏராளம். தொழிற்சாலை விட்டுவைத்த இடைவெளி அவ்வளவு பெரியது.

இன்றைக்கு அந்த இடைவெளி இல்லை. இன்டெல்லின் ஐ9-14900கே பெட்டியிலிருந்து எடுத்தவுடனேயே, சிப்புக்குள் தனித்தனியாக வேலை செய்யும் கோர்களில் ஓரிரண்டில் 6.0 கிகாஹெர்ட்ஸ் தொடுகிறது. ஏஎம்டியின் ரைசன் 7 9700எக்ஸ் 5.5, ரைசன் 9 9950எக்ஸ் 5.7, இன்டெல்லின் கோர் அல்ட்ரா 9 285கே 5.7. சிப் எவ்வளவு சூடு, எவ்வளவு மின்னழுத்தம், எத்தனை கோர் வேலை செய்கிறது என்பதையெல்லாம் புரொசசரே கணத்துக்குக் கணம் பார்த்து, முடிந்த அளவுக்குத் தன்னை ஏற்றிக்கொள்கிறது. அதாவது முன்பு நாம் பயாஸ் என்ற மதர்போர்ட் அமைப்புத் திரையில் இரவிரவாக உட்கார்ந்து செய்த ஓவர்கிளாக்கை இப்போது தொழிற்சாலையே செய்து, விலையிலும் சேர்த்துத் தருகிறது. மிஞ்சியிருப்பது சில நூறு மெகாஹெர்ட்ஸ்தான். அதற்கு நாம் கொடுக்கும் மின்சாரம்தான் விஷயம்.

சிப்பின் மின் செலவு அதன் ஓட்ட வேகத்தோடு நேராகவும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறும். ஓட்டத்தை 5 வீதம் கூட்ட மின்னழுத்தத்தை 1.20 வோல்ட்டிலிருந்து 1.32க்கு, அதாவது 10 வீதம் ஏற்ற வேண்டியிருக்கிறது என்று வையுங்கள். 1.1 தர 1.1 தர 1.05 என்றால் ஏறத்தாழ 1.27. ஐந்து வீத வேகத்துக்கு 27 வீத மின்சாரம். சூடு ஏற ஏறச் சிப்பில் சும்மா கசியும் மின்சாரமும் கூடும், அதை இதில் சேர்க்கவே இல்லை. இனி அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள்: ஓட்டம் 5 வீதம் குறைந்து மின்னழுத்தம் 10 வீதம் குறைந்தால் 0.9 தர 0.9 தர 0.95, அதாவது 0.77. வேகத்தில் ஐந்தை விட்டுக்கொடுத்தால் மின்சாரத்தில் 23 மிச்சம். மருமகனிடம் இதைத் தாளின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டியபோது அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் “அப்போ எல்லாரும் ஏன் மாமா ஏத்துகினம்?” என்று கேட்டான்.

ஏற்றிக் காட்டுகிறவர்களின் அறையைப் பார்க்க வேண்டும். புரொசசர்களைச் சோதித்து எழுதுகிறவர்களில் பலர் அறை வெப்பத்தை 21, 22 டிகிரியில் வைத்துக்கொண்டுதான் சோதிக்கிறார்கள். கூலர் என்பது சிப்பைக் குளிராக்கும் இயந்திரம் இல்லை. அறைக் காற்றைவிட இத்தனை டிகிரி மேலே நிறுத்துகிற சாதனம், அவ்வளவுதான். அவர்களின் 22 டிகிரி அறையில் ஒரு சிப் 88இல் நின்றால், அதே கூலரோடு என் 34 டிகிரி அறையில் அது 100க்குப் போகப் பார்க்கும். ரைசன் 9000 வரிசையின் எல்லை 95. அதைத் தொட்டவுடன் சிப் தானாகவே ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். அவர்கள் காட்டிய கூடுதல் வேகம் நமக்குக் கிடைக்காது, கூடுதல் பில் மட்டும் கிடைக்கும். இன்டெல்லில் 14ஆம் தலைமுறைக்கு 100, கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு 105 என்று எல்லை கொஞ்சம் தள்ளியிருக்கிறது. ஆனால் கச்சான் காலத்து மாடி அறையில் அந்தக் கொஞ்சமும் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

சிப் எடுக்கும் ஒவ்வொரு வாட்டும் கடைசியில் சூடாகத்தான் அறைக்குள் வருகிறது, இதையும் மறக்கக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் ஒருவர் சுமார் 100 வாட் சூட்டை வெளியிடுகிறார். 250 வாட் புரொசசர் என்றால் அந்தச் சின்ன அறைக்குள் இன்னும் இரண்டரை பேர் வந்து உட்கார்ந்த மாதிரி. ஏசி உள்ளவர்களுக்கு அந்தச் சூட்டை வெளியே தள்ள ஏசி எடுக்கும் மின்சாரமும் தனியாகச் சேரும்.

பெட்டியில் எழுதியிருக்கும் வாட் எண்ணை அப்படியே நம்பி வாங்குவதால்தான் பாதிப் பிழை வருகிறது. ஏஎம்டி பெட்டியில் போடும் டிடிபி எண் அந்தச் சிப் எடுக்கக்கூடிய உச்சம் இல்லை. ரைசன் சிப்கள் பொருந்தும் ஏஎம்5 சொக்கெட்டில் உச்சம் அதைப்போல 1.35 மடங்கு. 65 வாட் சிப் 88 வரை எடுக்கும், 105 வாட் சிப் 142, 120 வாட் சிப் 162, 170 வாட் சிப் 230. இன்டெல் இரண்டு எண்களைத் தருகிறது, அடிப்படை ஒன்று, உச்சம் ஒன்று. ஐ9-14900கே, ஐ7-14700கே இரண்டுக்கும் 125, 253. கோர் அல்ட்ரா 9 285கே, கோர் அல்ட்ரா 7 265கே இரண்டுக்கும் 125, 250. கோர் அல்ட்ரா 5 245கேக்கு 125, 159. உச்சத்தை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும், ஏனென்றால் கே வகைகள் நீண்ட வேலையிலும் உச்சத்திலேயே நிற்கும்படிதான் பெரும்பாலும் அமைக்கப்படுகின்றன.

இதைப் பில்லாக மாற்றிப் பார்ப்போம். 100 வாட் வித்தியாசம், நாளைக்கு எட்டு மணி நேரம், மாதத்தில் 25 நாள்: சரியாக 20 யூனிட். பவர் சப்ளையில் போகும் இழப்பையும் சேர்த்தால் 22, 23. நம் மின்சாரப் பில் 60, 90, 120, 180 யூனிட் என்று படிப்படியாக ஏறுவது. மாதம் 80 யூனிட்டில் நிற்கும் வீடு அந்த 20ஆல் 90ஐத் தாண்டினால் மேலதிக யூனிட்டுக்கு விலை கூடும், நிலையான கட்டணமும் அடுத்த படிக்குப் போகும். 50இல் இருந்து 60ஐத் தாண்டுகிற வீட்டுக்குக் கணக்கிடும் முறையே மாறும். அதனால் “இருபது யூனிட்தானே” என்று தனியாகப் பெருக்கிப் பார்க்காதீர்கள். உங்கள் வீட்டின் போன மூன்று மாதப் பில்லை எடுத்து, எந்தப் படியின் விளிம்பில் நிற்கிறீர்கள் என்று பாருங்கள்.

வீடியோ அண்ணனின் பழைய மெஷினில் நடந்ததைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். ஒரு கடையில் பூட்டி வாங்கியது, பெரிய புரொசசர். சும்மா இருக்கும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. கல்யாண வீடியோ ஒன்றை ரெண்டர் போட்டால், அதாவது வெட்டி ஒட்டியதை முழு வீடியோவாக ஆக்கினால், சில நிமிடத்தில் யூபிஎஸ் கத்தத் தொடங்கும், பிறகு எல்லாமே அணைந்துவிடும். மூன்று தடவை அப்படி ஆகி, மாப்பிள்ளை வீட்டாருக்குக் கொடுக்க வேண்டிய நாள் தவறிவிட்டது. யூபிஎஸ்ஸில் 650 விஏ என்று எழுதியிருந்தது. அது 650 வாட் இல்லை. அந்த அளவு யூபிஎஸ் பெரும்பாலும் 400 வாட்டுக்குள்தான் தாங்கும். நான் சுவர்ப் பிளக்கில் செருகும் வாட் மீட்டரைக் கொண்டுபோய், யூபிஎஸ்ஸைக் கழற்றிவிட்டு நேரே சுவரில் போட்டுப் பார்த்தேன். ரெண்டர் ஓடும்போது 430.

பயாஸுக்குள் போனோம். பவர் லிமிட் என்ற இரண்டு கட்டத்திலும் 4096 என்று இருந்தது. வாட்டில் 4096! எல்லையே வைக்கவில்லை என்பதற்கு மதர்போர்ட்காரர்கள் போடும் எண் அது. கடையில் யாரும் அதைக் கவனிக்கவில்லை, அல்லது வேகமாக ஓடட்டும் என்று விட்டுவிட்டார்கள். இரண்டு கட்டத்திலும் 125 என்று மாற்றிச் சேமித்தோம். அதே வீடியோ, அதே அமைப்பு. முன்பு 41 நிமிடம் எடுத்த வேலை 49 நிமிடம் எடுத்தது. மீட்டர் 240ஐத் தாண்டவில்லை. மொத்த யூனிட்டாகப் பார்த்தால் அந்த ஒரு வேலைக்கு மூன்றில் ஒரு பங்கு மிச்சம். யூபிஎஸ் வாய் திறக்கவில்லை. அண்ணன் எட்டு நிமிடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, கையால் கீழே காட்டினார். மேசைக்குக் கீழே இருந்து அவர் காலில் அடித்துக்கொண்டிருந்த சூடு நின்றுவிட்டிருந்தது.

இப்போது தெரிவுகளுக்கு வருகிறேன்.

மருமகனின் தாளில் இருந்த 14900கேயை நான் முதலிலேயே வெட்டினேன். 253 வாட் என்பது ஒரு காரணம். இன்னொன்று, 13ஆம், 14ஆம் தலைமுறை டெஸ்க்டொப் சிப்களில் வந்த நிலைகுலைவுப் பிரச்சினை. சிப்புக்குள் இருக்கும் மைக்ரோகோட் என்ற நிரல் தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டதால் சிப் மெல்ல மெல்லப் பழுதாகிறது என்று 2024 ஜூலையில் இன்டெல்லே ஒப்புக்கொண்டது. ஓகஸ்ட்டிலும் செப்டெம்பரிலும் திருத்தங்கள் வந்தன, உத்தரவாதமும் இரண்டு வருடம் நீட்டப்பட்டது. திருத்தம் இனிமேல் பழுதாகாமல் காக்கும். ஏற்கெனவே பழுதான சிப்பை மீட்காது. புதிய பெட்டியில் வாங்கி, பயாஸை உடனே புதுப்பித்து, ஆலை அளவிலேயே ஓட்டினால் இன்றைக்கும் அது வலுவான சிப்தான். ஆனால் இரண்டாம் கையாக மலிவாகக் கிடைக்கிறது என்று 13900கே, 14700கே போன்றவற்றைத் தேடுகிறவர்கள் கவனமாக இருங்கள். முன்பு வைத்திருந்தவர் எந்தப் பயாஸில், எவ்வளவு மின்னழுத்தத்தில் அதை ஓட்டினார் என்று உங்களுக்குத் தெரிய வழியில்லை. அந்த வரிசையை ஓவர்கிளாக் செய்வதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

கோர் அல்ட்ரா 200 வரிசை 2024 ஒக்டோபரில் வந்தது. வேகத்தில் பெரிய பாய்ச்சல் இல்லை என்று பலரும் சலித்துக்கொண்டார்கள், கேமில் சில இடங்களில் பழைய தலைமுறையைவிடப் பின்தங்கவும் செய்தது. ஆனால் நம் கணக்கில் அது நல்ல வரிசை. அதே வேலையைக் கணிசமாகக் குறைந்த வாட்டில் செய்கிறது, முந்தைய தலைமுறையின் பழுதுப் பிரச்சினை இதில் இல்லை, சும்மா இருக்கும்போதும் மின்சாரம் குறைவு. 265கேயில் 20 கோர். பவர் லிமிட்டை 125இல் கட்டிவைத்தாலும் வேகம் பாதியாக விழாது. வீடியோ வேலைக்கு இன்னொரு பெரிய காரணம் இருக்கிறது: புதிய கமராக்கள் பதியும் 4:2:2 10-பிட் எச்.265 வீடியோவை இன்டெல்லின் உள்ளமைந்த கிராபிக்ஸ் நேரடியாகப் பிரித்துக் காட்டும். ரைசன் 9000இன் உள்ளமைந்த கிராபிக்ஸ் அதைச் செய்யாது. என்விடியா ஆர்டிஎக்ஸ் 50 வரிசை அட்டை போட்டால் அது செய்யும், ஆனால் அந்த அட்டைக்கும் காசு, வாட் இரண்டும் வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: 265கேஎஃப் என்று எஃப் சேர்ந்து வந்தால் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது. கொஞ்சம் மலிவாக இருக்கிறதே என்று வீடியோக்காரர் அதை வாங்கிவிட்டால் இந்தச் சிப்பை வாங்கிய காரணமே போய்விடும்.

குறை என்னவென்றால், இன்டெல்லில் சிப்பை ஓவர்கிளாக் செய்யக் கே வகைச் சிப்போடு இசட்890 மதர்போர்டும் வேண்டும். பி860 போர்டில் நினைவகத்தை ஏற்றலாம், சிப்பை ஏற்ற முடியாது. நான் சொல்லும் வழியில் போனால் பி860 தாராளமாகப் போதும். விலை வித்தியாசத்தை வேறு சாமானுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஏஎம்டி பக்கத்தில் ரைசன் 5 9600எக்ஸ், ரைசன் 7 9700எக்ஸ் இரண்டும் 2024 ஓகஸ்ட்டில் வந்தவை, இரண்டும் 65 வாட் வகை, உச்சம் 88. ஆறு கோர், எட்டுக் கோர். 9700எக்ஸ் வந்த புதிதில் இது வேகம் போதாது என்று கேட்டவர்களுக்காக ஏஎம்டி பிறகு 105 வாட் நிலை ஒன்றையும் பயாஸில் திறந்துவிட்டது, உத்தரவாதத்துக்குள்ளேயே. அந்த நிலையில் உச்சம் 88இலிருந்து 142 ஆகிறது. மின்சாரம் 61 வீதம் கூட, எல்லாக் கோரும் உழைக்கும் வேலையில் கிடைப்பது பத்திலொரு பங்கு அளவு. கேமில் வித்தியாசமே தெரியாது. இதைவிடத் தெளிவாக ஓவர்கிளாக்கின் விலையை யாரும் சொல்லிவிட முடியாது. ஆலையே 65 என்று வைத்து விற்றதுதான் அந்தச் சிப்புக்குச் சரியான இடம்.

இந்த இரண்டு சிப்போடும் பெரும்பாலும் கூலர் வராது, தனியே வாங்க வேண்டும். காசு இறுக்கமாக இருந்தால் 2023 ஜனவரியில் வந்த ரைசன் 5 7600 பெட்டியிலேயே கூலரோடு வருகிறது, அதுவும் 65 வாட்தான். கிராபிக்ஸ் அட்டையே வாங்கப் போவதில்லை, படிப்பும் கோடிங்கும் இடைக்கிடை லேசான கேமும்தான் என்றால் ரைசன் 5 8600ஜி. அதன் உள்ளமைந்த கிராபிக்ஸ் நல்லது, ஒரே துண்டுச் சிப் என்பதால் சும்மா இருக்கும் நேரத்தில் மற்ற ரைசன்களைவிடக் குறைவாக எடுக்கும். பின்னாளில் பெரிய அட்டை போட நினைப்பவர்களுக்கு அது அவ்வளவு பொருத்தமில்லை. அட்டைக்குக் கொடுக்கும் பாதை குறுகியது, எட்டு லேன்தான்.

சும்மா இருக்கும் நேரம் என்றேன். மாணவர் கணினி நாளில் முக்கால்வாசி நேரம் பிடிஎஃப் திறந்தபடி, பிரவுசர் திறந்தபடிதான் இருக்கும். ரைசன் 9000 போன்ற, பல துண்டுகளைச் சேர்த்துச் செய்த சிப்கள் அந்த நேரத்திலும் இன்டெல்லைவிடப் பத்து, இருபது வாட் கூடுதலாக எடுப்பதுண்டு. இது ஏஎம்டியின் உண்மையான குறை. நாள் முழுக்கக் கணினியைத் திறந்தே வைத்திருக்கும் வழக்கம் உங்களுக்கு இருந்தால் இதையும் கணக்கில் எடுங்கள். மருமகனுக்கு நான் சொன்னது, எழும்பிப் போகும்போது ஸ்லீப்பில் போடு என்று.

கேமுக்காகவே வாங்குகிறவர்களுக்கு ரைசன் 7 9800எக்ஸ்3டி. சிப்புக்குள்ளேயே இருக்கும் எல்3 கேஷ் நினைவகம் மட்டும் 96 எம்பி. பெட்டியில் 120 வாட் என்று இருந்தாலும் கேம் ஓடும்போது அதன் 162 வாட் உச்சத்தைத் தொடுவது அரிது, ஏனென்றால் அந்த வேகம் ஓட்டத்தால் வருவதில்லை, கேஷால் வருகிறது. முந்தைய 7800எக்ஸ்3டியில் ஓவர்கிளாக் பூட்டப்பட்டிருந்தது. இதில் கேஷைக் கோர்களுக்கு அடியில் வைத்துவிட்டதால் பூட்டைத் திறந்துவிட்டார்கள். திறந்திருக்கிறது என்பதற்காக ஏற்ற வேண்டாம். 2023 ஏப்ரலில் 7800எக்ஸ்3டிகள் சில சொக்கெட்டோடு எரிந்துபோன செய்தி வந்தது, மதர்போர்ட்கள் எஸ்ஓசி மின்னழுத்தத்தை, அதாவது கோர்கள் தவிர்ந்த பகுதிக்குப் போவதை, அளவுக்கு மேல் கொடுத்ததுதான் அதில் பேசப்பட்டது. பிறகு 1.3 வோல்ட் என்று ஏஎம்டி எல்லை வைத்தது. இந்த எண்ணை உங்கள் பயாஸில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

ரைசன் 9 9950எக்ஸ் பதினாறு கோர், 230 வாட். முப்பரிமாண வேலை, பெரிய ரெண்டர் என்று தொழிலாகச் செய்பவருக்கு மட்டும். வாங்கினால் பயாஸில் வாட்டைக் கட்டிவைக்கும் ஈகோ மோட் என்று ஒன்று இருக்கிறது, அதை 105 வாட் நிலையில் வையுங்கள். அதிகக் கோர்களை மெதுவாக ஓட்டுவது, குறைந்த கோர்களை விரட்டி ஓட்டுவதைவிட ஒரு யூனிட்டுக்கு அதிக வேலை தரும்.

ஓவர்கிளாக்கையே தொடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. செய்ய வேண்டிய ஓவர்கிளாக் ஒன்று இருக்கிறது, நினைவகத்தினது. ஏஎம்5க்கு டிடிஆர்5-6000 வாங்கி, பயாஸில் எக்ஸ்போ என்ற நினைவக வேக அமைப்பைத் திறந்தால் கேமிலும் பல வேலைகளிலும் பலன் தெரியும், மின்சாரம் அதிகம் ஏறாது. திறக்காமல் விட்டால் 6000க்குக் காசு கொடுத்து 4800இல் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். ஊரில் எத்தனையோ மெஷின்களில் இதைப் பார்த்திருக்கிறேன். இதுவும் கண்டிப்பாகப் பார்த்தால் ஏஎம்டி உத்தரவாதத்துக்கு வெளியேதான் வருகிறது. இன்டெல் 2025 ஏப்ரலில் 200எஸ் பூஸ்ட் என்று கே வகைக்கும் இசட்890க்கும் ஒரு நிலையைக் கொண்டுவந்தது, நினைவகத்தையும் உள் இணைப்புகளையும் ஏற்றுவது. அது உத்தரவாதத்துக்குள் இருக்கிறது.

மற்றது கர்வ் ஒப்டிமைசர். ஏஎம்டியில் ஒவ்வொரு கோரும் கேட்கும் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது. வேகத்தை விடாமல் சூட்டை இறக்கும் வேலை இது, திருகோணமலைக்கென்றே செய்த மாதிரி. ஆனால் மைனஸ் முப்பது போட்டேன், ஒரு மணி நேரச் சோதனையில் நின்றது என்று நம்பிவிடாதீர்கள். அதிகம் குறைத்த சிப் பாரமான வேலையில் அல்ல, யாரும் தொடாமல் சும்மா இருக்கும்போதுதான் திடீரென்று ரீஸ்டார்ட் ஆகும், ஏனென்றால் ஒரு கோர் தனியாக உச்ச ஓட்டத்துக்குப் பாய்வது அப்போதுதான். மைனஸ் பத்தில் தொடங்குங்கள், ஒரு கிழமை சாதாரணமாகப் பாவியுங்கள், பிறகு பதினைந்து. பரீட்சைக் காலத்தில் இதைத் தொடவே வேண்டாம்.

ரைசனில் எல்லாக் கோரையும் ஒரே வேகத்தில் கையால் பூட்டும் பழைய பாணி ஓவர்கிளாக்கை விட்டுவிடுங்கள். 9700எக்ஸை 5.2இல் பூட்டினால் ஒற்றைக் கோர் தானாகப் போகும் 5.5 உங்களுக்குக் கிடைக்காமல் போகிறது. பிரவுசர் முதல் கேம் வரை அன்றாடம் தெரியும் வேகம் அந்த ஒற்றைக் கோர் வேகம்தான்.

கூலர் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: இந்த ஊருக்குக் காற்றுக் கூலர். தண்ணீர்க் கூலரில் பம்ப் இருக்கிறது, குழாய் இருக்கிறது, வருடக் கணக்கில் திரவம் மெல்லக் குறையும். பழுதானால் கொழும்பு பம்பலப்பிட்டிக்கு இரவு பஸ்ஸில் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கோபுரம் போன்ற காற்றுக் கூலரில் பழுதாகக்கூடியது ஒரு ஃபேன். அதை மெயின் வீதியிலேயே வாங்கிப் போடலாம். கடலிலிருந்து நானூறு மீற்றருக்குள் இருக்கும் வீடு என்றால் இன்னொரு தொல்லை. போன தை மாதம் என் கேசைத் திறந்தபோது பின்பக்க ஃபேனின் நான்கு திருகாணியில் இரண்டு துருவேறித் தலை கரைந்திருந்தது, கூலரின் அலுமினியத் தகடுகளுக்கிடையில் கச்சான் தூசி உப்பு ஈரத்தில் கெட்டிப்பட்டு அப்பளம் மாதிரி ஒட்டியிருந்தது. தூரிகையால் தட்டினால் உதிரவில்லை, மரக் குச்சியால் தகடு தகடாகக் கீறி எடுத்தேன். எடுத்த பிறகு அதே வேலையில் சிப் ஒன்பது டிகிரி குறைவாக நின்றது. 250 வாட் சிப் வைத்திருப்பவருக்கு இந்தத் துப்புரவு வருடத்தில் மூன்று தடவை வேண்டும். 88 வாட் சிப்புக்கு கச்சானுக்கு முன்பு ஒன்று, கச்சானுக்குப் பிறகு ஒன்று போதும்.

மிச்சம் பிடித்த காசு எங்கே போக வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை: யூபிஎஸ். 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை வெட்டியது யாருக்கும் மறந்திருக்காது. நிலைமை திருந்திய பிறகும், 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் ஒரே நேரத்தில் கரண்ட் போனது. வேலை நடுவில் கரண்ட் போனால், ஓவர்கிளாக்கால் வருடம் முழுக்கச் சேர்த்த நிமிடங்கள் ஒரே நாளில் போய்விடும். 65 வாட் வகைச் சிப்போடு நடுத்தரக் கிராபிக்ஸ் அட்டை வைத்த மெஷினை 1 கேவிஏ யூபிஎஸ் பதற்றமில்லாமல் தாங்கும், சேமித்து மூட நேரம் கிடைக்கும்.

சொக்கெட்டையும் பார்த்தேன். ஏஎம்5ஐ 2027 வரையாவது தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. மருமகன் படிப்பு முடித்து உழைக்கத் தொடங்கியதும் மதர்போர்டை மாற்றாமல் சிப்பை மட்டும் மாற்றிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. இன்டெல்லின் 1851 சொக்கெட்டுக்கு அப்படி நீண்ட வாக்கு எதையும் நான் கேள்விப்படவில்லை. தொழிலுக்கு வாங்கும் அண்ணனுக்கு அது பெரிய விஷயமில்லை, அவர் மெஷினை முழுதாக உழைக்கவைத்துவிட்டுத்தான் மாற்றுவார்.

கடைசியில் அண்ணனுக்கு 265கே, பி860 போர்ட், பவர் லிமிட் இரண்டும் 125. அந்த எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கேசின் உள்பக்கம் ஒட்டச் சொன்னேன், பயாஸைப் புதுப்பிக்கும்போது இந்த அமைப்பு அழிந்து பழையபடி போய்விடும் என்பதால். மருமகனுக்கு 9700எக்ஸ், பி650 போர்ட், ஒற்றைக் கோபுரக் கூலர், 650 வாட் பவர் சப்ளை, 1 கேவிஏ யூபிஎஸ். அவன் தாளில் எழுதியிருந்த தொகையைவிடக் குறைவாகவே முடிந்தது, மிச்சத்தில் எஸ்எஸ்டி இரண்டு டிபி ஆனது.

பூட்டி முடித்த அன்று பிற்பகல் அறையில் 34. எட்டுக் கோரையும் அரை மணி நேரம் வேலை வாங்கிப் பார்த்தோம். 88 வாட்டில், 79 டிகிரியில் நின்றது. மருமகன் கர்வ் ஒப்டிமைசரைத் திறந்து மைனஸ் பத்துப் போட்டான். 76. “இன்னும் அஞ்சு குறைச்சுப் பாக்கவா மாமா?” என்றான். அடுத்த கிழமை பார்க்கச் சொல்லிவிட்டு வந்தேன்.